பதிவேட்டில் உன் பெயருக்கு எதிரே

ஹட்டன்,
2025 ஜூன் 15, ஞாயிறு இரவு

அன்புள்ள மகனுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் தங்கச்சியும் சுகம். நீயும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மழை விட்ட பாடில்லை. மேட்டு லயத்து வீட்டு வரிசைக்கு ஏறும் படியெல்லாம் பாசி பிடித்துக் கிடக்கிறது. நீ அனுப்பிய பணம் கிடைத்தது. அம்மா அதில் பாதியைத் தொடவில்லை, உன் கல்யாணத்துக்கு என்று எடுத்து வைத்திருக்கிறாள். கல்யாணத்தைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

போனில் சொன்னால் ஆகாதா என்று நினைப்பாய். போனில் நீ "சரி அப்பா" என்பாய், பிறகு "அம்மாவிடம் கொடுங்கள்" என்பாய். நானும் கொடுத்துவிடுவேன். ஏழு வருடமாக நாம் இருவரும் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம் நிரம்புமா என்று தெரியவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

கோயில் வார்டன் பெரியப்பாவைப் பெந்தெகொஸ்தே ஞாயிறு மாலையில் அடக்கம் செய்தோம். தங்கச்சி உனக்குச் செய்தி அனுப்பினாள், நீ பார்த்த அடையாளமும் விழுந்தது என்றாள். உனக்கு லீவு கிடைத்திருக்காது. கொழும்பில் வேலை எப்படி என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அவருடைய மகன் டுபாயிலிருந்து வந்து மண் போட்டான் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெட்டியைத் தூக்க ஆள் போதாமல் கீழ்ப்பிரிவு இந்துப் பிள்ளைகள் நாலு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தோள் கொடுத்தார்கள். தங்கச்சி பிறந்த இரவில் அம்மாவைத் தூக்கிப்போன கம்பளியின் தலைப்பக்க முனையைப் பிடித்தவர் யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டோர்ச் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தவன் நீ.

இன்று ஆராதனை முடிந்ததும் போதகர் ஐயர் சபைப் பதிவேட்டைச் செயலாளர் என்று என்னிடம் கொடுத்தார். பெரியப்பாவின் பெயருக்கு எதிரே "மரித்தார்" என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வைத்தேன். அப்படியே பக்கத்தைப் புரட்டச் சொன்னார். ஐயர் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, அவர் உன்னைக் கண்டதில்லை. உன் வரியில் விரலை வைத்து, "இவர் எந்தச் சபையில் இருக்கிறார்? குறிப்புக் கட்டம் வெறுமையாக இருக்கிறதே" என்று கேட்டார். நான் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, "விசாரித்து எழுதுகிறேன் ஐயா" என்றேன். பெற்ற பிள்ளையை விசாரித்து எழுதுகிறேன் என்று சொன்னேன்.

2018இல் நீ கொழும்புக்குப் போனபோது அப்போதிருந்த ஐயர் உனக்குச் சபை மாற்றுக் கடிதம் எழுதிக் கொடுத்தார். இந்தச் சபையில் ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்றவர், நற்கருணை பெறும் அங்கத்தவர், உங்கள் சபையில் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று நாலு வரி. உறையில் போட்டு ஒட்டியவன் நான்தான். அதைக் கொடுத்த இடத்திலிருந்து ஒரு பதில் வரும் என்று காத்திருந்தேன். இன்றுவரை வரவில்லை. அந்தக் கடிதம் உன் பெட்டியின் அடியில் எங்கோ கிடக்கிறது என்று நினைக்கிறேன். கிழித்துப் போட்டிருக்க மாட்டாய், நீ காகிதத்தைக் கிழிக்கிற பிள்ளை இல்லை.

மகனே, ஒரு சபையில் உன் பெயரைக் கொடு. எந்தச் சபை என்று நான் சொல்லப்போவதில்லை. தமிழ் ஆராதனை நடக்கிற இடம், நடந்து போகிற தூரம், அதுவே போதும். ஆனால் பெயரைக் கொடு.

ஞாயிற்றுக்கிழமை போனில் ஆராதனை பார்க்கிறேன், சில வாரம் நண்பர்களோடு பெரிய மண்டபத்துக்குப் போகிறேன், பாட்டு நன்றாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். அதை நான் குறைத்துப் பேசவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டுக் கோயிலைப் பூட்டியபோது நானும் அம்மாவும் அப்படித்தான் ஆராதித்தோம். காம்பரா அறைக்குள் சிக்னல் கிடைக்காது. தண்ணீர்த் தாங்கிக்கு மேலே இருக்கிற பாறையில் ஒரு குடைக்குள் இரண்டு பேரும் உட்கார்ந்து, தங்கச்சியின் போனைக் கும்பாவில் வைத்து, சத்தம் பெரிதாகக் கேட்கும் என்று, ஈஸ்டர் ஆராதனை கேட்டோம். கண்ணீர் வந்தது. அந்த உதவியை மறக்க மாட்டேன். ஆனால் அந்த ஜூலையில் அம்மா விறகுக்குப் போன இடத்தில் விழுந்தபோது போனில் ஆராதனை நடத்திய ஐயருக்கு அது தெரியாது. தெரிய வழியும் இல்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தது நம் மாதர் சங்கத்து மூன்று பேர். அதில் ஒருத்திக்கும் அம்மாவுக்கும் இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. நற்கருணை வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட்டவர்கள், பேசாவிட்டாலும் வந்தாள்.

தோட்டத்தில் வளர்ந்த உனக்குத் தோட்டத்துக் கணக்கிலேயே சொல்கிறேன். 31 வருடம் நான் காலையில் வேலைக்கு ஆள் சேர்க்கிற பிரட்டுக் களத்தில் நின்று பெயர் கூப்பிட்டவன். செக்ரோல் என்ற வேலைப் பதிவில் பெயர் இருக்கிறவளுக்கு ஒருநாள் தேயிலைக் கொழுந்து குறைந்தால் அரைநாள் கூலிக்கு அரைப் பெயர் விழும். அவள் சண்டை போடுவாள், சங்கத் தலைவர் வருவார், பேசுவார்கள். மறுநாள் மறுபடியும் நிறைக்கு வருவாள். கைக்காசுக்கு எடுக்க வருகிறவளுக்கு அந்தத் தொல்லை எதுவும் இல்லை. நிறுத்துக் காசை வாங்கிக்கொண்டு போகலாம். நாளைக்கு வராவிட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அவளுக்குச் சேமலாப நிதியும் இல்லை, பிள்ளைப்பேற்றுக் காசும் இல்லை, அவள் விழுந்தால் அது யாருடைய கணக்கிலும் வராது. நீ இப்போது கர்த்தருடைய தோட்டத்தில் கைக்காசு ஆளாக இருக்கிறாய். கோபப்படாதே. நீ எடுக்கிற கொழுந்து நல்ல கொழுந்து என்று எனக்குத் தெரியும். இரண்டு வாரம் உன்னைக் காணாவிட்டால் "என்ன தம்பி, காய்ச்சலா?" என்று வாசலில் வந்து நிற்க அங்கே ஒருவரும் இல்லையே என்பதுதான் என் கவலை.

பெயரைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. இன்று பழைய பதிவேட்டையும் இறக்கிப் பார்த்தேன், பழுப்புத் துணி அட்டை போட்டது, நீ சிறு வயதில் கறையான் மண்ணைத் தட்டிக் கொடுத்தாயே, அதே புத்தகம். கோப்பிக் காலத்தில், 1854இல், தமிழ்க் கூலி மிஷன் என்று தொடங்கித் திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்களைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பெயரை வாசிக்கும்போது இன்றும் என் மனம் சுருங்குகிறது. ஆனால் தோட்டத் துரையின் புத்தகத்தில் கூலியாக எழுதப்பட்ட நம் பூட்டன், கோயில் புத்தகத்தில் தகப்பன் பெயரோடும் ஊர்ப் பெயரோடும் எழுதப்பட்டிருக்கிறார். 1948இல் சட்டம் போட்டு நம்மை இந்த நாட்டுக்காரர் இல்லை என்றார்கள். மறு வருடம் வந்த சட்டத்தில், கல்யாணமானவர் ஏழு வருடம், ஆகாதவர் பத்து வருடம் இங்கே தொடர்ந்து இருந்ததைக் காட்டினால் குடியுரிமை என்றார்கள். தாத்தா எதைக் காட்டுவார்? லயத்துக்கு உறுதிப் பத்திரம் உண்டா? ஞானஸ்நானப் பதிவைப் பிரதி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தார். மனுவைத் தள்ளிவிட்டார்கள். எனக்கே 1988 சட்டத்துக்குப் பிறகுதான் குடியுரிமை வந்தது, முப்பது வயதில். அதுவரை என் பெயர் ஒழுங்காக இருந்த ஒரே புத்தகம் அந்தப் பதிவேடு.

அதிலேயே 1964 ஒப்பந்தத்துக்குப் பிந்திய பக்கங்களையும் பார்த்தேன். இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர் என்று இரண்டு நாடும் ஆட்களைப் பிரித்துக்கொண்டதே, அது நம் கோயிலில் எப்படித் தெரிகிறது என்றால், பக்கம் பக்கமாகக் குறிப்புக் கட்டத்தில் ஒரே வார்த்தை: "இந்தியா சென்றார்." "இந்தியா சென்றார்." "குடும்பமாக இந்தியா சென்றார்." சில இடத்தில் மை கலங்கியிருக்கிறது. அப்போது எழுதியவருக்கும் கை நடுங்கியிருக்கும். சின்னப்பாட்டி ஹட்டனில் ரயில் கோச்சி ஏறித் தலைமன்னார் போய்க் கப்பல் பிடித்தபோது, மடியில் கட்டிக்கொண்டுபோன காகிதங்களில் ஐயர் கொடுத்த சபைக் கடிதமும் ஒன்று. கோத்தகிரியில் இறங்கிய முதல் ஞாயிறே அதைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். கூரை கூடச் சரியாக இல்லாத இடம், பிள்ளைக்குப் பால் இல்லை, அங்கே இருந்தவர்கள் "சிலோன்காரி" என்று ஒதுக்கி வைத்தார்கள் என்று எழுதினாள். அதே கடிதத்தில்தான் "சபையில் சேர்த்துக்கொண்டார்கள்" என்றும் எழுதினாள். எழுதப் படிக்கத் தெரியாதவள், யாரிடமோ சொல்லி எழுதுவித்தாள்.

நீ ஹட்டனிலிருந்து பஸ் ஏறினால் சாயங்காலம் கொழும்பில் இருப்பவன். உன் கடிதம் ஏழு வருடமாகப் பெட்டியில் இருக்கிறது.

"சபை கூடிவருதலைச் சிலர் விட்டுவிடுகிறதுபோல நாமும் விட்டுவிடாமல்" என்று எபிரெயரில் இருப்பதை நீ ஓய்வுநாள் பாடசாலையில் மனப்பாடம் சொல்லிப் பரிசு வாங்கியவன். உனக்கு நான் வசனம் சொல்லத் தேவையில்லை. தோமாவை மட்டும் சொல்கிறேன். ஆண்டவர் வந்து நின்ற மாலையில் அவன் மட்டும் மற்றவர்களோடு இல்லை. எங்கே போயிருந்தான் என்று எழுதவில்லை. எட்டு நாள் கழித்து, சந்தேகம் தீராமலேயே, அவர்களோடு வந்து உட்கார்ந்தான். நம்பிக்கை வந்தபிறகு வரலாம் என்று வெளியே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதை நினைத்துக்கொண்டே இன்று பிரசங்கத்தில் பாதியைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

உனக்குச் சபை என்றால் என்ன என்று தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். 2014 அக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியபோது, மறுநாளே வாலிபர் ஐக்கியத்தைக் கூட்டி, வீடு வீடாகக் கம்பளியும் அரிசியும் சேர்த்து, லொறி பிடித்துக் கொஸ்லந்தைக்குப் போனவன் நீ. அப்போது உனக்கு இருபத்திரண்டு வயது. போய்விட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாய். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை நான் உன்னிடம் சொன்னதில்லை. ஐயரிடம் சொன்னேன், பெரியப்பாவிடம் சொன்னேன், கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நின்று யார் யாரிடமோ சொன்னேன்.

அம்மா இன்னும் ஒவ்வொரு உலைக்கும் ஒரு பிடி அரிசி எடுத்து அடுப்படியில் இருக்கிற நீல டின்னில் போடுகிறாள். 2022இல் சாமான் இல்லாமல் நாடே வரிசையில் நின்றதே, அப்போதும் போட்டாள். நான் ஒருநாள் கத்தினேன், நமக்கே இல்லை என்று. பிடி சிறிதாகிவிட்டது, அவ்வளவுதான், போடாமல் இருக்கவில்லை. ஞாயிறு தோறும் இருபத்தேழு வீட்டு டின்னும் கோயில் வாசலில் ஒரு சாக்கில் கொட்டுப்பட்டது. சிவப்பு அரிசி, வெள்ளை அரிசி, குருணல் எல்லாம் கலந்த அந்த அரிசிதான் கீழ் லயத்தில் நாலு குடும்பத்துக்கு மூன்று மாதம் போனது. யார் போட்டது யார் சாப்பிட்டது என்று சொல்ல முடியாது. உன் பங்கும் அதில் இருந்திருக்க வேண்டும் என்று நான் நினைத்தேன். பணம் அனுப்பினாய், மறுக்கவில்லை. ஆனால் பிடியரிசி பணத்தில் வராது.

ஒரு கோயிலில் பெயரைக் கொடு. அங்கேயும் மனிதர்கள்தான் இருப்பார்கள். பேசுவார்கள், குறை சொல்வார்கள், கமிட்டியில் சத்தம் போடுவார்கள். அதற்காக...

மகனே, இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு வெளியே போய்த் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். "மனிதர்கள்தான் இருப்பார்கள்" என்று எழுத எனக்கு வாய் கிடையாது.

முதலில் இன்னொன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏழு வருடம் நான் ஏன் உன்னிடம் கோயிலைப் பற்றிக் கேட்கவில்லை என்று. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கொச்சிக்கடை, நீர்கொழும்பு, மட்டக்களப்பு என்று கோயில்களில் குண்டு வெடித்த செய்தி வந்துகொண்டே இருந்தது. உன் போன் கிடைக்கவில்லை. அம்மா கோயில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாலையில் நீ பேசினாய், அறையில் தூங்கிக்கொண்டிருந்தேன், எந்தக் கோயிலுக்கும் போகவில்லை என்றாய். நான் கர்த்தருக்கு நன்றி சொன்னேன். என் மகன் ஈஸ்டர் அன்று கோயிலில் இல்லாததற்காக முழங்காலில் நின்று நன்றி சொன்னேன். அதே நேரத்தில் மட்டக்களப்பில் சீயோன் சபைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன தகப்பன்மார் பிரேதங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து, கோயிலுக்குப் போ என்று உனக்குச் சொல்ல நாக்கு எழவில்லை. என் பிள்ளை பிழைத்தது இப்படித்தான் என்று மனம் சொல்லும். நீ ஏன் போகவில்லை என்று அதே மனம் திருப்பிக் கேட்கும். அதற்குப் பதில் எனக்குத் தெரியும்.

2018 ஜனவரிக் கமிட்டிக் கூட்டம் உனக்கு ஒரு வரி விடாமல் நினைவிருக்கும். கோயில் பக்க அறை, ஒன்பது பேர். பற்றுச்சீட்டுப் புத்தகத்தின்படி உன் பொறுப்பிலிருந்த கரோல் பணத்தில் 7,650 ரூபாய் குறைகிறது என்று பெரியப்பா கேட்டார். "எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன்" என்றாய். யாரிடம் என்று நீ சொல்லவில்லை. என்னைப் பார்த்தாய். நான் கூட்டக் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினேன்.

அந்த நிமிடத்தில் எனக்கு நினைவு இருந்ததா இல்லையா என்று ஏழு வருடமாக என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். மழை, மடுவம், நனைந்த ஒரு காக்கி உறை, அந்திக் கொழுந்து நிறுக்கிற அவசரம், இப்படி ஏதோ ஒன்று உள்ளே அசைந்தது. அதைத் திறந்து பார்க்க எனக்கு மனம் வரவில்லை. 31 வருடம் செக்ரோலில் ஒரு பெயர் பிசகாத கணக்கப்பிள்ளை, ஒன்பது பேர் முன்னால் எனக்கு மறதி என்று சொல்லக் கூச்சப்பட்டேன். அடுத்த ஞாயிறு என் கையிலிருந்து 7,650 ரூபாயைக் கட்டினேன். நீ ஒன்றும் பேசவில்லை. மாசியில் வேலை கிடைத்தது என்று சொல்லிப் புறப்பட்டாய்.

லெந்து நோன்புக் காலத்தில் வருடக் கணக்கை ஆய்வுக்குக் கட்டும்போது கூரை நிதிக் கோப்பிலிருந்து ஒரு வங்கிச் சீட்டு விழுந்தது. 2017 டிசம்பர் 27. மொத்தம் 21,650 ரூபாய். பின்பக்கத்தில் என் கையெழுத்தில், பென்சிலால்: "கூரை 14,000 + கரோல் 7,650." நீ 23ஆம் தேதி மடுவத்தில் கொடுத்த உறை. இரண்டையும் சேர்த்து வங்கியில் போட்டுவிட்டு, கோயில் புத்தகத்தில் எல்லாவற்றையும் கூரைக் கணக்கில் எழுதியிருக்கிறேன். என் பிழை. முழுக்க என் பிழை.

நான் அதை மடித்து என் வேதப் புத்தகத்தின் அட்டை உறைக்குள் செருகினேன். நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். வருடாந்தக் கூட்டம் வந்தது. பெரியப்பா எழுந்து, பிள்ளையின் குறையைத் தன் கைக்காசால் நேர்ப்படுத்திய தகப்பன் என்று என்னைப் பற்றிச் சொன்னார். கை தட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். மகனே, நான் எழுந்து கும்பிட்டேன். மறுபடியும் என்னையே செயலாளராகத் தெரிந்தார்கள். நீ அப்போது கொழும்பில் போர்டிங்கில் தனியாக இருந்தாய். உன் பெயரைக் கொடுத்து நான் நல்ல பெயர் வாங்கினேன்.

அந்த மே மாதம் கூரைக்குத் தகரம் போட்டோம். உன் பணமும் அதில்தான் இருக்கிறது. பலிபீடத்துக்கு இடப்பக்கம் மூன்றாவது தகரத்தில் ஆணி சரியாக ஏறவில்லை, பெரிய மழைக்கு அது மட்டும் தனியாகத் தடதடக்கும். மற்றவர்களுக்குக் கேட்கிறதோ என்னவோ. எனக்குக் கேட்கிறது. இன்று காலை முழுக்கக் கேட்டது.

பெரியப்பா படுக்கையில் இருந்த கடைசி வாரம் நான் கஞ்சி கொடுக்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பியிடம் சொல், எல்லார் முன்னாலும் நான் கேட்டிருக்கக் கூடாது. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும், வேதத்தில் அப்படித்தானே இருக்கிறது" என்றார். அவர் உன்னிடம் மன்னிப்புக் கேட்டார், நான் கேட்க வேண்டிய மன்னிப்பை. உண்மை என் தொண்டைவரை வந்தது. நான் இன்னொரு கரண்டி கஞ்சியை அவர் வாயில் வைத்தேன். இரண்டு நாளில் போய்விட்டார். அவரைப் பார்க்க வராததற்காக மேலே உன்னைக் குறை சொல்லி எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை. நான் எப்படிப்பட்ட ஆள் என்று நீ பார்க்க அதுவும் இருக்கட்டும்.

சபையைப் பற்றி எழுதியதையும் அடிக்கவில்லை. அதைச் சொல்லத் தகுதி இல்லாதவன் சொன்னாலும் அது உண்மைதான். உன்னை அங்கிருந்து எழுப்பிவிட்டது கோயில் என்று இத்தனை வருடம் நினைத்திருப்பாய். அந்த அறையில் ஒன்பது பேருக்கும் தெரிந்ததை வைத்துத்தான் அவர்கள் கேட்டார்கள். தெரிந்தும் பேசாதவன் ஒருவன் இருந்தான், அவன் உன் வீட்டுக்காரன். நீயும் எல்லாம் தெரிந்துகொண்டு, அப்பாவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றே வாயை மூடிக்கொண்டு போனாய் என்று நினைக்கிறேன். கோபத்தில் போயிருந்தாலும் அது நியாயம்.

வருகிற ஞாயிறு, 22ஆம் தேதி, ஆராதனைக்குப் பிறகு சபைக் கூட்டம். ஐயரிடம் இன்று மாலையே போய்ச் சொல்லிவிட்டேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அறையில் சொன்னால் போதாது, சபை முழுவதும் இருக்கும்போது சொல்ல வேண்டும்" என்றார். சரி என்றேன். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்கு முன் அவளுக்கு வாசித்துக் காட்டப்போகிறேன், அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது. செயலாளர் பொறுப்பையும் சாவிகளையும் ஒப்படைத்துவிடுவேன். அதன்பிறகு கடைசி வாங்குப் பெஞ்சில் உட்காருவேன். பார்ப்பார்கள், பேசுவார்கள். வேறு கோயிலுக்கு எழுந்து போக மாட்டேன். இந்த வயதில் வேறு எங்கே போனாலும் என்னை நல்லவன் என்று நம்பிவிடுவார்கள்.

நீ அன்றைக்கு வர வேண்டும் என்று கேட்கவில்லை. வந்தால், உன் பக்கத்தில் நிற்கமாட்டேன், முன்னால் நின்றுதான் பேசுவேன். வராவிட்டாலும் நான் பேசுவேன்.

உறைக்குள் இரண்டு காகிதம் இருக்கும். ஒன்று, ஐயர் இன்று புதிதாக எழுதிக் கையெழுத்து வைத்த சபை மாற்றுக் கடிதம். பழையது மங்கியிருக்கும். எந்தச் சபைக்கு என்று எழுதுகிற இடத்தை வெறுமையாக விடச் சொன்னேன், நீ எழுதிக்கொள். எழுத இன்னும் நாள் ஆகும் என்றால் ஆகட்டும், பதிவேட்டில் உன் கட்டத்தை நான் நிரப்பவில்லை. அடுத்த செயலாளரிடமும் சொல்லி வைக்கிறேன். அதுவரை நீ இங்கே அங்கத்தவன்.

மற்றது அந்த வங்கிச் சீட்டு. கூட்டத்தில் காட்டப் பிரதி எடுத்துக்கொண்டேன். மூலத்தை உனக்கு அனுப்புகிறேன். என்னிடம் இருந்தால் இந்த ஒரு வாரத்துக்குள் மறுபடியும் எங்காவது செருகிவிடுவேனோ என்று என்மேல் எனக்கே நம்பிக்கை இல்லை.

தங்கச்சி காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் ஹட்டனில் தபாலில் சேர்ப்பாள். தேயிலைத்தூளும் அம்மா இடித்த மிளகாய்த்தூளும் தனிப் பார்சலாக வரும்.

அப்பா